99 தசம் 7: ஒரு மறுப்பு

2025 ஏப்ரல் நடுவில் தமிழ்ப் பத்திரிகைகளும் யூடியூப்காரரும் வட்ஸ்அப் குழுக்களும் ஒரே குரலில் பேசினார்கள். சிங்க ராசியின் திசையில், 124 ஒளியாண்டு தொலைவில், கே2-18பி என்றொரு கோள். அதன் வளிமண்டலத்தில் கடல் நுண்ணுயிர்கள் மட்டுமே விடும் வாயு கிடைத்துவிட்டது. கண்டது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. உறுதி 99.7 வீதம். கண்டுபிடித்தவரோ நம்மவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து நிக்கு மதுசூதன். இன்றும் யாரிடமாவது வேற்றுலக உயிர் பற்றிப் பேச்செடுத்தால் இந்தச் செய்திதான் பதிலாக வருகிறது. உயிர் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று, முத்திரை குத்துவதுதான் பாக்கி என்பது பொதுவான எண்ணமாகவே உறைந்துவிட்டது. படித்தவர்கள், விஞ்ஞானம் கற்பிப்பவர்கள்கூட இதற்கு விலக்கில்லை.

இந்த எண்ணம் தவறு. கேம்பிரிட்ஜ் அறிவிப்பில் இருந்த எச்சரிக்கைகளைக் கழித்துவிட்டு, இருந்த நம்பிக்கைகளை மட்டும் கூட்டிச் செய்த கணக்கு இது. அதற்குள் மூன்று தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. எண்ணைப் பற்றியது ஒன்று, வாயுவைப் பற்றியது ஒன்று, கோளைப் பற்றியது ஒன்று. இவை போதாதென்று, "பிழையாகவே இருந்தாலும் என்ன குடிமுழுகிவிட்டது?" என்ற நாலாவதும் உண்டு. எனக்கு உண்மையில் கோபம் வருவது அதில்தான்.

முதலில் எண். எத்தாளையில் இருந்துகொண்டு உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். செய்தி வந்த சமயம் வகுப்பில் ஒருவன் எழுந்து, "சேர், 99.7 என்டா ஏ சித்திதானே? பிறகு என்ன சந்தேகம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்டதைத்தான் தலைப்புச் செய்திகளும் நம்பியிருந்தன. 99.7 என்பதை உயிருக்குக் கிடைத்த புள்ளியாகவே எல்லாரும் வாசித்தார்கள்.

அது அப்படிப்பட்ட எண்ணே இல்லை. மதுசூதன் குழு சொன்னது மூன்று சிக்மா என்ற அளவு. அந்த வாயு எதுவும் இல்லாமல், வெறும் தற்செயலால் கருவியின் இரைச்சலே இப்படியொரு வடிவத்தைக் காட்டக்கூடிய வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்பது அதன் பொருள். இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கோளின் காற்றைக் கடந்து வந்த ஒளியின் அலைமாலையில் உண்மையாகவே ஏதேனும் மேடுபள்ளம் இருக்கிறதா? இருந்தால் அதை உண்டாக்கியது இந்த மூலக்கூறுதானா? இந்த மூலக்கூறுதான் என்றால் அதை உண்டாக்கியது உயிர்தானா? 99.7 என்பது முதல் கேள்வியோடு மட்டுமே பேசுகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. முதல் படியில் வாங்கிய புள்ளியை மூன்றாம் படியின் சான்றிதழில் எழுதிவிட்டோம்.

பௌதிகவியலாளர்கள் மூன்று சிக்மாவோடு நிறைவடையாமல் ஐந்து சிக்மா கேட்பது வீம்புக்காக அல்ல. அந்த அளவில் தற்செயலின் வாய்ப்பு 0.00006 வீதத்துக்கும் கீழே போய்விடும். ஆயிரத்தில் மூன்று என்பது ஒரே இடத்தில் ஒரே முறை தேடியவனுக்குச் சிறிய எண். பல கோள்களில், பல அலைநீளங்களில், பல மூலக்கூறுகளுக்காக முந்நூறு முறை தேடுகிற துறைக்கு, ஒன்றுமே இல்லாதபோதும் ஏறத்தாழ ஒரு தடவை எதிர்பார்க்கத்தக்க எண். ஐந்து சிக்மாவை எட்ட இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வெப் தொலைநோக்கி வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது. அந்த வரியைத் தூக்கிப் போட்டது நாம்தான்.

அளவீடு எவ்வளவு நுட்பமானது என்பதையும் பார்க்க வேண்டும். கே2-18பி தன் செங்குறு விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நமக்கும் விண்மீனுக்கும் நடுவே அது கடக்கும்போது விண்மீனின் ஒளியில் முந்நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக மறைகிறது. இது கோளின் உடல் மறைப்பது. அதன் விளிம்பைச் சுற்றியிருக்கும் காற்றின் மெல்லிய வளையம் அலைநீளத்துக்கு அலைநீளம் கூட்டியும் குறைத்தும் மறைக்கும் வேறுபாடு பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கு அளவில்தான். அந்த வேறுபாட்டுக்குள்தான் மூலக்கூறின் கையெழுத்தைத் தேட வேண்டும். 2025 அறிவிப்புக்கு அடித்தளமான நடு அகச்சிவப்புத் தரவு ஒரேயொரு கடப்பில் எடுக்கப்பட்டது.

அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே ஒக்ஸ்போர்டின் ஜேக் டெய்லர் அந்தத் தரவை எடுத்து, எந்த மூலக்கூறையும் முன்கூட்டி எண்ணிக்கொள்ளாமல், இதில் மேடுபள்ளம் ஏதும் உண்டா என்று மட்டும் பார்த்தார். ஒரு நேர்கோடே அதற்குப் போதுமானதாகப் பொருந்தியது. அடுத்த மாதம் சிக்காகோவின் ரஃபாயெல் லூக்கேயும் கூட்டாளிகளும் வெப் தொலைநோக்கியின் மூன்று கருவிகளிலிருந்து வந்த தரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இந்த வாயு இருக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அரிசோனாவின் லூயிஸ் வெல்பேங்க்ஸ் இன்னொரு பக்கமாக வந்தார். இவர் மதுசூதனிடமே முனைவர் பட்டத்துக்குப் படித்தவர் என்பதைக் கவனியுங்கள், வெளியாள் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. பட்டியலில் இருபது மூலக்கூறுகளுக்குப் பதில் தொண்ணூறை வைத்தால் என்ன ஆகும் என்று அவர் குழு சோதித்தது. உயிரோடு எந்தச் சம்பந்தமும் கொள்ளத் தேவையில்லாத புரோபைன் போன்ற ஐதரோகாபன்களும் அதே தரவுக்கு நன்றாகவே பொருந்தின. பல்தேர்வு வினாவில் சரியான விடையை அச்சிடாமல் விட்டால், மிச்சத்தில் எது அண்மையோ அதில்தான் பிள்ளை புள்ளடி போடும். அதை வைத்து விடை இதுதான் என்று சாதிக்க முடியாது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. மதுசூதன் குழு இந்த விமர்சனத்தைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. 650 மூலக்கூறுகள் வரை பட்டியலை நீட்டிப் பார்த்தார்கள். பொருந்தக்கூடிய சிலவற்றுள் தாம் சொன்ன வாயு இன்னும் நிற்கிறது என்றார்கள். விஞ்ஞானம் இப்படித்தான் சண்டை பிடிக்க வேண்டும். ஆனால் "சிலவற்றுள் ஒன்று" என்பதற்கும் "99.7 வீதம் உறுதி" என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை எந்தத் தலைப்பும் அச்சிடவில்லை.

இதே கோளில் இதே கூத்து முன்பும் நடந்தது. 2019 செப்டம்பரில் ஹபிள் தொலைநோக்கியின் தரவை வைத்து இலண்டனிலிருந்து ஒரு குழுவும் மொன்றியலிலிருந்து ஒரு குழுவும் கே2-18பியில் நீராவி இருப்பதாகச் சொல்லின. "வாழத்தக்க கோளில் தண்ணீர்" என்று உலகம் முழுக்கத் தலைப்பு. 2023 இல் வெப் தொலைநோக்கி இன்னும் அகலமான அலைநீளங்களில் பார்த்தபோது தெளிவாகக் கிடைத்தவை மெதேனும் காபனீரொட்சைட்டும். தண்ணீரைக் காணோம். ஹபிள் பார்த்த 1.4 மைக்ரோன் பட்டையில் நீராவியும் உறிஞ்சும், மெதேனும் உறிஞ்சும். மெதேனைத்தான் தண்ணீர் என்று வாசித்திருந்தார்கள். மெதேனையும் காபனீரொட்சைட்டையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது மதுசூதன் குழுவின் உறுதியான சாதனை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2019 இன் தண்ணீரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது வந்து நான் பார்க்கவில்லை. மக்கள் மனதில் அந்தத் தண்ணீர் இன்னும் வற்றாமல் இருக்கிறது. ஆறு வருடம் கழித்து அதற்கு மேல்தான் உயிரை நீந்த விட்டார்கள்.

இனி வாயு. இருமெதைல் சல்பைட்டு, சுருக்கமாக டிஎம்எஸ். உயிர் மட்டுமே இதை உண்டாக்கும் என்பதுதான் பொது எண்ணத்தின் அச்சாணி. இந்த இடத்தில் எத்தாளைக்காரனுக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

எங்களுக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நாக்கு. கடலிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் காற்றில் ஒரு மெல்லிய வாடை வரும். வெளியூர் ஆட்கள் அதைக் கடல் மணம் என்பார்கள். அதன் பெரும் பங்கு டிஎம்எஸ்தான். கடல் நுண்பாசிகள் உப்பைத் தாங்கிக்கொள்வதற்காகத் தம் உடலுக்குள் ஒரு கந்தகச் சேர்வையைச் சேர்த்து வைக்கின்றன. அவை செத்தாலோ தின்னப்பட்டாலோ அந்தச் சேர்வை உடைந்து டிஎம்எஸ் கிளம்புகிறது. களப்புப் பக்கம் நீர் வற்றிச் சேறு தெரியும் நாளில் வருவது கூழ்முட்டை நாற்றம். அது ஐதரசன் சல்பைட்டு. சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லாமல் வாழும் பற்றீரியாக்களின் வேலை. வாடிகளில் மீன் கிடந்தால் வருவது மூன்றாவது வாடை, மும்மெதைல் அமீன். அதுவும் பற்றீரியாவின் கைவரிசைதான். தெற்கே நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி எரிகிறது. இன்று மூன்று அலகு, 900 மெகாவாட். நிலக்கரிக் கந்தகம் எரிந்தால் கிடைப்பது கந்தகவீரொட்சைட்டு, அதைச் செய்வது கொதிகலன்.

எங்கள் மூக்குக்கு இவற்றைப் பிரித்தறிவது கடினமில்லை. காரணம், மூக்கு கூர்மையானது என்பதல்ல. எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் சேறு, புகைபோக்கி எங்கே நிற்கிறது என்று எங்களுக்கு முன்பே தெரியும். வாடையின் பெயரைச் சொல்ல இரசாயனவியல் போதும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். ஐதரசன் சல்பைட்டையே எடுங்கள். களப்புச் சேற்றில் அது உயிரின் மூச்சு. எரிமலை வாயில் அதே மூலக்கூறு, அணு பிசகாமல் அதே மூலக்கூறு, வெறும் பாறையின் புகை. மூலக்கூறின் நெற்றியில் பிறந்த ஊர் எழுதியிருப்பதில்லை.

டிஎம்எஸ் மட்டும் விதிவிலக்கு என்று நம்பக் காரணம் இருந்தது, பூமியில் அது பெரும்பாலும் உயிரிலிருந்தே வருகிறது. அந்த நம்பிக்கையை அறிவிப்புக்கு முன்பே மூன்று ஆய்வுகள் ஆட்டிவிட்டிருந்தன. 67பி வால்வெள்ளியை ரொசெட்டா விண்கலம் சுற்றி வந்தபோது எடுத்த தரவைப் பேர்ன் பல்கலைக்கழகத்தார் துருவிப் பார்த்து, அந்த உறைபனிக் கட்டியிலிருந்து டிஎம்எஸ் வந்திருப்பதை 2024 இல் காட்டினார்கள். வால்வெள்ளியில் நுண்பாசி வளர்கிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதே ஆண்டு கொலராடோவில் ஓர் ஆய்வுகூடம் மெதேனும் ஐதரசன் சல்பைட்டும் கலந்த வாயுவின் மேல் புறவூதாக் கதிரைப் பாய்ச்சி டிஎம்எஸ்ஸைச் செய்து காட்டியது. குடுவைக்குள் உயிர் எதுவும் இல்லை. 2025 தொடக்கத்தில் பால்வீதியின் நடுப்பகுதிக்கு அருகே விண்மீன்களுக்கு இடைப்பட்ட முகிலிலும் அது கிடைத்தது. ஐதரசன் நிறைந்த வளிமண்டலத்தில் உயிரில்லாமலே டிஎம்எஸ் உருவாக முடியும் என்று நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்து ரென்யூ ஹூவின் குழு 2025 ஜூலையில் கணித்துக் காட்டியது. கே2-18பியைப் புதிய கடப்புகளில் பார்த்த அதே குழு, மெதேனையும் காபனீரொட்சைட்டையும் உறுதி செய்தது. டிஎம்எஸ்ஸுக்கு முடிவான சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது.

இன்னொன்று. கேம்பிரிட்ஜ் குழு கணித்த அளவு, பூமியில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. பூமியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, அங்கே பத்து இலட்சத்தில் பத்துக்கு மேல். இதைக் கேட்டதும் உயிர் பொங்கி வழியும் கடலைக் கற்பனை செய்தார்கள். எனக்கு இந்த எண் எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது. பூமியின் சமுத்திரம் முழுதும் சேர்ந்து செய்ய முடியாத அளவை ஒரு கோள் காட்டுகிறதென்றால், முதலில் நாம் ஐயப்பட வேண்டியது நமக்குத் தெரியாத ஒரு சாதாரண இரசாயனத்தை. அதி அற்புதமான பாசியை வரிசையின் கடைசியில்தான் நிறுத்த வேண்டும்.

இனி கோள். அந்தக் கடல் என்ற சொல்லே எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? கே2-18பி பூமியைப் போல 8.6 மடங்கு நிறை, 2.6 மடங்கு ஆரை உடையது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்ணும் ஒரே விடையைத் தருவதில்லை. மெல்லிய ஐதரசன் போர்வைக்குக் கீழே கடல் என்பது மதுசூதனும் கூட்டாளிகளும் 2021 இல் முன்வைத்த மாதிரி. அடர்ந்த வாயுப் போர்வையுள்ள குட்டி நெப்டியூன் என்றாலும் அளவீடுகள் பொருந்தும் என்று நிக்கோலஸ் வோகனும் கூட்டாளிகளும் 2024 இல் காட்டினார்கள். உருகிய பாறைக் கடல் என்றாலும் பொருந்தும் என்று அதே கேம்பிரிட்ஜில் இருக்கும் ஒலிவர் ஷோர்ட்டில் எழுதினார். பாறைக் குழம்பில் எந்த நுண்பாசி மிதக்கும்? ஐதரசன் போர்வை வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அளவைக் கணக்கிட்டவர்கள், விண்மீனிலிருந்து இந்தத் தூரத்தில் நீர்க்கடல் இருந்தால் அது ஆவியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். கோளில் கடல் உண்டா என்பதே தீராதபோது கடலில் யார் வாழ்கிறார் என்று விசாரிக்கிறோம்.

சரி, நாலாவதுக்கு வருவோம். "பிழையாகவே இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வானத்தின் மேல் ஆசை வந்ததல்லவா? நம் பிராந்தியத்து ஆள் உலகத் தலைப்பில் வந்ததல்லவா?" இப்படிக் கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் இந்த வாதத்தின் விலையை நம் தீவு ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது.

2012 டிசம்பர் 29 அன்று பொலன்னறுவைப் பக்கம் வானத்தில் ஒரு தீப்பந்து தெரிந்தது. பொறுக்கியெடுத்த கற்களை, இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் பெயர்பெற்ற வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்லுக்குள் இருகலப் பாசிகளின் புதைபடிவம் இருக்கிறது, உயிர் விண்ணிலிருந்து வந்ததற்கு இது ஆதாரம் என்று கட்டுரை வெளிவந்துவிட்டது. வெளியிட்ட இதழோ, அவர்களுடைய கருத்துக்கு என்றும் கதவு திறந்து வைத்திருந்த இதழ். பாசியியலாளர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, இவை நம் பூமியின் நன்னீரில் வாழும் சாதாரண இனங்கள் என்றார்கள். விண்கல் ஆய்வாளர்கள் அது விண்கல்தானா என்றே கேட்டார்கள். ஆனால் இங்கே செய்தி வந்தது முதல் பாதி மட்டும். "பொலன்னறுவையில் வேற்றுலக உயிர்" என்பதை இன்றும் நம்புகிற படித்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டாம் பாதி அவர்களை எட்டவேயில்லை. கே2-18பி விடயத்திலும் ஏப்ரல் செய்தி வந்த வீடுகளுக்கு மே மாதச் செய்தி வரவில்லை. கேடு இதில் இருக்கிறது. பிள்ளைக்கு வானத்தின் மேல் ஆசை வருவது உண்மைதான். கூடவே, விஞ்ஞானம் என்பது பெரிய மனிதர் ஒருவர் வந்து அறிவித்துவிட்டுப் போவது என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. மறுப்பு என்று ஒன்று வருமென்றே அறியாமல் அந்தப் பிள்ளை வளர்கிறது.

நம்மவர் பெருமைதான் வேண்டுமென்றால், அதற்கும் இதே தீவில் ஆள் இருந்தார். சிரில் பொன்னம்பெரும, 1923 இல் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து 1948 இல் பட்டம் பெற்று, பிறகு இலண்டனில் இரசாயனவியல், அப்புறம் பெர்க்லியில் மெல்வின் கெல்வினிடம் முனைவர் பட்டம், அங்கிருந்து நாசா. 1969 செப்டம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதற்குள் அமினோவமிலங்கள் இருப்பதைக் கீத் குவென்வோல்டனும் பொன்னம்பெருமவும் குழுவினரும் கண்டார்கள். அமினோவமிலம் என்றால் புரதத்தின் செங்கல். இன்றைய பாணியில் என்றால் அன்றைக்கே உலகத் தலைப்பு, "விண்கல்லில் உயிர்".

அவர்கள் செய்தது வேறு. கண்டதை உயிர் என்று சொல்வதற்கு எதிராகவே தம் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் செலவிட்டார்கள். பூமியின் உயிர்கள் அமினோவமிலங்களில் ஏறக்குறைய இடக்கை வடிவத்தையே கையாள்கின்றன. கல்லில் இருந்தவற்றை இடக்கை, வலக்கை என்று பிரித்து அளந்தார்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கையால் தொட்ட அழுக்கு என்றால் இடக்கைதான் மிஞ்சியிருக்க வேண்டும். வேற்றுலக உயிர் என்றாலும் ஏதாவது ஒரு கை ஓங்கியிருக்கும் என்றே எதிர்பார்க்கலாம். போதாததற்கு நம் புரதங்களில் இல்லாத அமினோவமிலங்களும் அங்கே இருந்தன. ஆகவே இது மாசும் இல்லை, உயிரும் இல்லை, விண்ணில் உயிரில்லாமலே நடந்த இரசாயனம் என்று 1970 இல் எழுதினார்கள். அந்த முடிவு இன்றும் நிற்கிறது. மேர்ச்சிசன் கல்லை இன்றும் ஆய்வுகூடங்கள் எடுத்துப் பார்க்கின்றன. உயிரில்லாத இயற்கை எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் அளப்பவருக்குத்தான், அதற்கு அப்பால் இருப்பதை உயிர் என்று சொல்லும் உரிமை வரும்.

இந்தத் துறையில் தவறுவது புதிதுமல்ல, அவமானமுமல்ல. வில்லியம் சிண்டன் என்ற அமெரிக்க வானியலாளர் 1950களின் பிற்பகுதியில் செவ்வாயின் ஒளியில் 3.4 முதல் 3.7 மைக்ரோன் வரை சில பட்டைகளைக் கண்டார். காபன்–ஐதரசன் பிணைப்பின் அடையாளம், ஆகவே தாவரம் என்று வாசித்தார். சில ஆண்டுகள் செவ்வாயில் செடி வளர்ந்தது. 1965 இல் முடிச்சு அவிழ்ந்தபோது அவற்றுள் இரண்டு பட்டைகளை உண்டாக்கியது பூமியின் காற்றிலிருந்த பார நீராவி என்று தெரியவந்தது. செவ்வாயைப் பார்க்கிறோம் என்று நினைத்துத் தம் தலைக்கு மேலிருந்த காற்றைப் பார்த்திருந்தார்கள். அந்தத் திருத்தக் கட்டுரையில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் சிண்டனேதான். தொழில்நுட்பம் தலைகீழாக மாறிவிட்டது, பொறி மாறவில்லை. மெதைல் தொகுதி உள்ள மூலக்கூறுகள் எத்தனையோ, அவற்றின் பட்டைகள் ஒன்றையொன்று மூடுகின்றன. 2025 இல் நாம் தடுக்கி விழுந்ததும் அதே கல்லில்.

இங்கே என்னை முந்திக்கொண்டு மறுபக்கத்துக்காரர் எழுந்திருப்பார். "அப்படியானால் இந்தத் தேடலே வீண் செலவு. கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக்கிடக்கிறது, அதைப் பாருங்கள், 124 ஒளியாண்டை விடுங்கள்." கிணற்றைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இந்த மணலில் கொட்டும் உரம் நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. ஆனால் அந்த நைத்திரேற்றை ஆய்வுகூடத்தில் எப்படி அளக்கிறார்கள்? மாதிரியினூடாக ஒளியைச் செலுத்தி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்த்து. கே2-18பிக்குச் செய்வதும் அதேதான், குடுவைக்குப் பதில் ஒரு கோளின் காற்று. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறவருக்கு இரண்டும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

நான் எதிர்ப்பது தேடலை அல்ல. ஒரு வாயு கிடைத்தால் உயிர் கிடைத்தது என்ற குறுக்குவழியை. இதற்கான சரியான வழியை ஜேம்ஸ் லவ்லொக் 1965 இலேயே சொல்லிவிட்டார். ஒரு வாயுவைத் தேடாதே, ஒன்றாக இருக்கக்கூடாத வாயுக்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார் என்றார். பூமியின் காற்றில் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு மெதேனும் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கிறது. ஒட்சிசன் மெதேனை அழித்துவிடும், பத்தாண்டு அளவில் அது தீர்ந்துபோக வேண்டும். தீராமல் இருக்கிறதென்றால் யாரோ விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதே லவ்லொக்தான் 1971–72 இல் ஷெக்கிள்டன் கப்பலில் தென் சமுத்திரம் வரை போய்க் கடலிலிருந்து டிஎம்எஸ் எழுவதை அளந்தவர். டிஎம்எஸ் உயிரின் வாயு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆள், ஒற்றை வாயுவை நம்பாதே என்றும் சொல்லிவைத்தார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இந்த வழி வேலை செய்யும் என்பதற்குச் சோதனையும் உண்டு. 1990 டிசம்பர் 8 அன்று கலிலியோ விண்கலம் வியாழனுக்குப் போகும் வழியில் பூமியைக் கடந்தது. கார்ல் சேகன் குழு அதன் கருவிகளைப் பூமியின் பக்கம் திருப்பி, ஒன்றும் தெரியாதவர்போல நடித்து, இங்கே உயிர் உண்டா என்று தேடியது. ஒட்சிசனும் மெதேனும் சேர்ந்திருப்பது, நிலத்தில் சிவப்பொளி விழுங்கப்படுவது, இயற்கையில் வராத வானொலி அலை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. 1993 இல் வந்த கட்டுரையில் அவர்கள் எதையும் தனித்து நம்பவில்லை. உயிர் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரே கோளிலேயே அவ்வளவு தயங்கினார்கள்.

ஆகவே எது வந்தால் நான் ஒப்புக்கொள்வேன் என்று கேட்டால் சொல்லத் தயார். ஒன்றையொன்று அழிக்கும் இரண்டு வாயுக்கள் ஒரே காற்றில் இருக்க வேண்டும். ஒட்சிசன் மட்டும் போதாது, செங்குறு விண்மீனின் கதிரில் கடல்நீர் உடைந்து ஐதரசன் தப்பி ஓடினாலும் ஒட்சிசன் மிஞ்சும். மெதேன் மட்டும் போதாது, சனியின் துணைக்கோள் டைட்டனில் அது ஏராளமாகக் கிடக்கிறது. கோளின் மேற்பரப்பு பாறையா, கடலா, ஆழம் தெரியாத வாயுவா என்பது வாயுவைத் தேடுவதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும். விண்மீனின் கரும்புள்ளிகள் கோளின் கையெழுத்தாக வேடம் போடுவதைக் கழித்திருக்க வேண்டும். 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள திராப்பிஸ்ட்-1 இன் கோள்களைப் பார்ப்பவர்களுக்கு இன்று இதுதான் பெரிய தலைவலி. வேறு வேறு கருவிகளில், வேறு வேறு கடப்புகளில் அதே விடை வர வேண்டும். உயிரில்லாமல் இதைச் செய்யக்கூடிய வழிகளையெல்லாம், அறிவித்தவர்களே முன்னின்று தேடிப் பார்த்துத் தோற்றிருக்க வேண்டும். இன்றைய கே2-18பி தரவு இவற்றில் ஒன்றைக்கூட நிறைவேற்றவில்லை. அடுத்த தலைப்புச் செய்தி வரும்போது இந்த ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்காமல் அச்சிடுகிற ஆசிரியர், செய்தி என்று எதையோ விற்கிறார், அதை விஞ்ஞானப் பக்கத்தில் போட வேண்டாம்.